மார்பகத்தை எடுப்பதா, மரபணு டெஸ்ட் எடுப்பதா: முடிவுக்கு முன்னால் எழும் கேள்விகள்

மார்பக ஸ்கேனில் சந்தேகம் என்று வந்தவர்கள், பயாப்சி (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முடிவுக்குக் காத்திருப்பவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்ததைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வருமோ என்று தூக்கம் தொலைத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் வரிசை ரொம்ப முக்கியம். முதலில் பயாப்சி, அப்புறம் தேவைப்பட்டால் மரபணு டெஸ்ட், அதற்குப் பிறகுதான் எவ்வளவு எடுப்பது என்ற பேச்சு. பயம் இந்த வரிசையைத் தலைகீழாக்கப் பார்க்கும். விடாதீர்கள்.

ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். இப்போதே மார்பை எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

வேண்டாம். சந்தேகம் வேறு, நோய் வேறு. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டின் கடைசியில் பைராட்ஸ் என்று போட்டு 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 0 என்றால் இன்னும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம், அதற்கு மேல் எதுவும் இல்லை. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்குள், பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. ஆளைக் கலங்கடிப்பது நடுவில் இருக்கும் 4 தான், ஏனென்றால் 2 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை எல்லாமே அதற்குள் அடக்கம். அதனால்தான் அதை 4ஏ, 4பி, 4சி என்று பிரித்திருக்கிறார்கள். 4ஏ என்றால் 10 சதவீதத்துக்குள், 4சி என்றால் 50-க்கு மேல். உங்கள் ரிப்போர்ட்டில் வெறும் 4 என்று மட்டும் இருந்தால், எந்த 4 என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எதுவானாலும் உறுதி செய்வது பயாப்சிதான். மெல்லிய ஊசியால் சில செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பதைவிட, தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் கோர் பயாப்சி நல்லது. புற்றுநோயா, அது பால்குழாய்க்குள்ளேயே இருக்கிறதா வெளியே ஊடுருவிவிட்டதா, எந்த ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை என்பதையெல்லாம் அந்தத் துணுக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். இந்த விவரம் இல்லாமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் இரண்டாவது டாக்டரிடம் போய்க் கேளுங்கள். அதில் தவறே இல்லை.

ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் பயாப்சியைத் தள்ளிப்போட்டு நோய் முற்றிய பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: பயாப்சி ஊசியால் நோய் உடம்பெங்கும் பரவிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உலகம் முழுக்க மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் வழக்கமான முறையே இதுதான்.

பயாப்சியில் 'புற்றுநோய் அல்ல, ஆனால் இயல்பற்ற செல்கள்' என்று வந்தால்?

இது ஒரு நடுவாந்தர நிலை. வருங்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அவ்வளவுதான். சில சமயம் அந்த இடத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு வருடா வருடம் படம், சிலருக்கு டாமோக்சிஃபென் மாதிரியான மாத்திரை. இதற்காக மட்டும் மார்பகத்தையே எடுப்பது வழக்கமான சிகிச்சை இல்லை.

சரி, புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது. யோசிக்க நேரம் இருக்கிறதா?

இருக்கிறது. யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் இருக்கிறது. கட்டி உங்கள் கையில் தட்டுப்பட்டது நேற்றாக இருக்கலாம், உள்ளே அது வளர ஆரம்பித்துப் பெரும்பாலும் வருடங்கள் ஆகியிருக்கும். சரியான முடிவெடுக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வதால் பொதுவாக எதுவும் கெட்டுவிடாது. மாதக்கணக்கில் ஒத்திப்போடுவதுதான் ஆபத்து. மார்பகம் முழுதும் சிவந்து, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி தடித்து, சில வாரங்களிலேயே வேகமாக வீங்கும் அழற்சி வகை மட்டும் விதிவிலக்கு, அதற்கு உடனே சிகிச்சை தொடங்க வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்ற மூன்று பரிசோதனை முடிவுகள் வரும். ஈஆரும் பிஆரும் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 ஒரு புரதம். மூன்றும் இல்லாத வகையை டிரிபிள் நெகட்டிவ் என்கிறார்கள். டிரிபிள் நெகட்டிவ், ஹெர்-2 பாசிட்டிவ் இரண்டிலும் கட்டி ஓரளவு பெரிதாக இருந்தாலோ அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ முதலில் கீமோ கொடுத்துவிட்டுப் பிறகுதான் ஆபரேஷன் செய்வார்கள். அப்படியானால் மரபணு டெஸ்ட் எடுத்து, முடிவு வந்து, ஆற அமர யோசிக்க மாதங்களே கிடைக்கும்.

முழு மார்பையும் எடுத்தால் உயிருக்கு அதிகப் பாதுகாப்பு இல்லையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோயில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுப்பதும் முழு மார்பகத்தை எடுப்பதும் உயிர்காக்கும் விஷயத்தில் சமம். இது யாரோ ஒருவருடைய அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவில் அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் 1976-ல் தொடங்கிய ஆய்வில் 1,800-க்கும் மேற்பட்ட பெண்களையும், இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி நடத்திய ஆய்வில் 701 பெண்களையும் குலுக்கல் முறையில் பிரித்து இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு முடிவுகளும் 2002-ல் வெளிவந்தன. முழுதாக எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர்வாழ்ந்தார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்தால் அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு மிச்சம் இருக்கும். ஃபிஷரின் ஆய்வில் ரேடியேஷன் எடுக்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கும், எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கும் இருபது ஆண்டுகளுக்குள் அதே மார்பில் மறுபடி வந்தது. இன்றைய மருந்துகளோடு அது இன்னும் குறைவு. ஆகவே ரேடியேஷனுக்குப் போய்வர முடியுமா, உடம்பு தாங்குமா என்பது இந்த முடிவில் பெரிய கேள்வி.

சில நிலைமைகளில் முழுதாக எடுப்பதே சரி: ஒரே மார்பில் தூரத் தூரமாகப் பல கட்டிகள், மார்பின் அளவுக்குக் கட்டி ரொம்பப் பெரிது, ஏற்கெனவே அந்தப் பக்கம் ரேடியேஷன் வாங்கியவர், திரும்பத் திரும்ப வெட்டியும் ஓரங்களில் புற்றுச் செல்கள் மிச்சம் இருப்பது, அழற்சி வகை. இவை எதுவுமே இல்லாமல், 'எனக்கு வேண்டவே வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் தெளிவாகத் தீர்மானித்தால் அதுவும் அவர் உரிமைதான். ஆனால் கூடுதலாக நாள் வாழ்வோம் என்று நம்பி எடுக்கக் கூடாது, அந்த நம்பிக்கை தவறு.

முழுதாக எடுத்துவிட்டால் கீமோவும் ரேடியேஷனும் தேவைப்படாதே?

கீமோவை முடிவு செய்வது ஆபரேஷன் இல்லை, கட்டியின் குணம். உடம்பின் வேறு பகுதிக்கு ஒளிந்து போயிருக்கக்கூடிய செல்களுக்காகத்தான் அது. ரேடியேஷன் பலருக்குத் தவிர்க்கப்படும், ஆனால் அக்குள் நெறிகளில் பரவியிருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ முழுதாக எடுத்த பிறகும் தேவைப்படலாம். இதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் தெரிந்து உடைந்துபோகிறவர்கள் அதிகம்.

ஒரு பக்கம் வந்துவிட்டது. மறுபக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடலாமா?

மரபணுக் கோளாறு இல்லாதவருக்கு மறு மார்பில் புதிதாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பலரும் கற்பனை செய்வதைவிட மிகக் குறைவு. 2024-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இருபது ஆண்டில் மறுபக்கம் வந்தது சுமார் 7 சதவீதம் பேருக்கு. இரண்டையும் எடுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது, ஆனால் மார்பகப் புற்றுநோயால் இறப்பது குறையவில்லை. காரணம், உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் முதலில் வந்த நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவுவதால் வருகிறது. மறு மார்பை எடுப்பது அதைத் தடுக்காது.

பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்ற மரபணுக்களில் பிறப்பிலேயே கோளாறு இருந்தால் கணக்கே மாறிவிடும். பிஆர்சிஏ-1 கோளாறு இருப்பவருக்கு முதல் புற்றுநோய்க்குப் பிறகு இருபது ஆண்டில் மறுபக்கம் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம், பிஆர்சிஏ-2 இருந்தால் சுமார் 26. இதற்காகத்தான் ஆபரேஷனுக்கு முன்னால் மரபணு முடிவு கையில் இருந்தால் நல்லது என்று சொல்கிறேன். ஒரே தடவையில் செய்ய வேண்டியதை இரண்டு தடவையாகவோ, செய்யவே தேவையில்லாததை ஒரே தடவையிலோ செய்துவிடக் கூடாது.

யாரெல்லாம் மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டும்?

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருகிறது. அந்தச் சிறு பகுதியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. 50 வயதுக்குள் வந்தது, டிரிபிள் நெகட்டிவ் வகை, இரண்டு மார்பிலும் வந்தது, குடும்பத்தில் ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், யாருக்காவது சினைப்பைப் புற்றுநோயோ கணையப் புற்றுநோயோ பரவிய புராஸ்டேட் புற்றுநோயோ வந்தது, ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகப் புற்றுநோய். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கங்கள் 2024-ல் இன்னும் ஒரு படி போய், 65 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்த எல்லோருக்குமே பிஆர்சிஏ டெஸ்டைச் சொல்லலாம் என்றன.

எல்லோரும் தவறவிடும் ஒன்று: அப்பா வழி. 'என் அம்மாவுக்கும் சித்திக்கும் ஒன்றும் இல்லை, எனக்கெதற்கு' என்பார்கள். இந்த மரபணு அப்பாவிடமிருந்தும் அதே அளவில்தான் வரும். அப்பா அதைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாகவே இருந்திருக்கலாம், அவர் மூலம் உங்களுக்கு வந்திருக்கலாம். அத்தைகள், அப்பாவின் அம்மா, அப்பாவின் அத்தை, அவர்களுக்கு என்ன வந்தது, எந்த வயதில் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'வயிற்றில் கட்டி வந்து இறந்தார்' என்று குடும்பத்தில் சொல்லப்படுவது சில சமயம் சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கும்.

எனக்கு நோய் இல்லை, அக்காவுக்குத்தான் வந்தது. யார் டெஸ்ட் எடுப்பது?

முடிந்தால் அக்கா முதலில். அவருக்கு ஒரு கோளாறு தெரியவந்தால், உங்களிடம் அது இருக்கிறதா என்று குறிப்பாக அதை மட்டும் பார்த்துச் சொல்லிவிடலாம், இல்லை என்றால் நிஜமாகவே இல்லை. அக்காவைச் சோதிக்காமல் உங்களுக்கு மட்டும் எடுத்து நெகட்டிவ் வந்தால், குடும்பத்தில் எதுவுமே இல்லையா அல்லது இருந்து உங்களுக்கு வரவில்லையா, அல்லது இன்றைய டெஸ்ட் பார்க்காத ஏதோ ஒன்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அக்கா உயிரோடு இல்லை என்றாலோ அவருக்கு விருப்பமில்லை என்றாலோ நீங்கள் எடுக்கலாம், முடிவைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும், அவ்வளவே.

டெஸ்ட் எப்படி நடக்கும்? முடிவில் என்ன எழுதியிருக்கும்?

ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முடிவு வரும், ஆபரேஷனுக்காகக் காத்திருப்பவர் என்று சொன்னால் பல லேப்கள் சீக்கிரம் தருவார்கள். இன்று பிஆர்சிஏ இரண்டை மட்டும் பார்க்காமல் பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பேனல் டெஸ்டே வழக்கம்.

முடிவு மூன்று விதமாக வரும். நோய் உண்டாக்கும் மாற்றம் இருக்கிறது என்பது ஒன்று. இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் படுத்தி எடுப்பது: ஒரு மாற்றம் தெரிகிறது, ஆனால் அது கெட்டதா சாதாரணமா என்று இன்னும் தெளிவாகவில்லை. எத்தனை மரபணுக்களைப் பார்க்கிறார்களோ அத்தனைக்கு இப்படி ஒன்று தட்டுப்படும் வாய்ப்பும் கூடும். இதை பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. இந்த மாதிரி மாற்றங்கள் பின்னால் மறுபரிசீலனை செய்யப்படும்போது பெரும்பாலானவை தீங்கில்லாதவை என்றே தெரியவருகின்றன. இதை நம்பி மார்பகத்தை எடுக்காதீர்கள், யாராவது எடுக்கச் சொன்னால் மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை லேபிடம் கேட்டால் வகை மாறியிருக்கிறதா என்று சொல்வார்கள்.

கட்டியில் எடுக்கும் மரபணு டெஸ்டும் இதுவும் ஒன்றல்ல. ஆன்கோடைப் போன்றவை கீமோ தேவையா என்று கணிக்கக் கட்டியைப் பார்ப்பவை, பிறப்பிலேயே வந்த கோளாறைச் சொல்லாது. அதே மாதிரி, வீட்டுக்கே வரும் எச்சில் கிட்டுகள் பலவும் பிஆர்சிஏவில் அறியப்பட்ட ஆயிரக்கணக்கான மாற்றங்களில் குறிப்பிட்ட சிலவற்றை மட்டுமே தேடும். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகாது. அதில் ஏதாவது இருக்கிறது என்று வந்தாலும் மருத்துவ லேபில் மறுபடி உறுதி செய்யாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

பிஆர்சிஏ பாசிட்டிவ் என்றால் எவ்வளவு ஆபத்து?

1990-ல் மரபியல் விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் 17-ஆம் குரோமோசோமில் பரம்பரை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு இருக்க வேண்டும் என்று காட்டினார், 1994-ல் பிஆர்சிஏ-1 கையில் சிக்கியது, அடுத்த வருடம் பிஆர்சிஏ-2. இரண்டும் செல்லில் உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் வேலை பார்ப்பவை. அது கெட்டால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ-1 இருந்தால் சுமார் 72 சதவீதம், பிஆர்சிஏ-2 இருந்தால் சுமார் 69. சினைப்பைப் புற்றுநோய் முறையே 44, 17. இவை சராசரிகள்; குடும்ப வரலாறும் வயதும் இதை ஏற்றும், இறக்கும். 60 வயது வரை நோயில்லாமல் வந்துவிட்டவரிடம் 72 சதவீதம் என்று சொல்வது தவறு, அவருக்கு மிச்சமிருப்பது அதைவிட மிகக் குறைவு. பால்பி-2 என்ற மரபணுவும் ஏறக்குறைய 50 சதவீதத்துக்குக் கொண்டுபோகும். செக்-2, ஏடிஎம் என்பவை நடுத்தரம். அவற்றுக்கு எம்ஆர்ஐயோடு கண்காணிப்புதான் பொதுவான ஆலோசனை, தடுப்பு ஆபரேஷன் அல்ல.

நோய் இல்லை, மரபணு மட்டும் பாசிட்டிவ். எடுத்தே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. 2013-ல் நடிகை ஏஞ்சலினா ஜோலி இரண்டு மார்பகங்களையும் எடுத்துக்கொண்டதை வெளிப்படையாக எழுதிய பிறகு, பாசிட்டிவ் என்றால் ஆபரேஷன்தான் என்று பலருக்கு மனதில் பதிந்துவிட்டது. அவர் பிஆர்சிஏ-1 உள்ளவர், அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருக்கு அது சரியான முடிவு.

வேறு வழியும் இருக்கிறது. 25 வயதிலிருந்து வருடம் ஒருமுறை எம்ஆர்ஐ, 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து. இது நோயைத் தடுக்காது, சின்னதாக இருக்கும்போதே பிடிக்கும், பிடித்தால் சிகிச்சை வேண்டியிருக்கும், கீமோகூட. தடுப்பு ஆபரேஷன் வாய்ப்பை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது, ஆனால் முழுக்கப் பூஜ்யமாக்காது, ஏனென்றால் தோலுக்கடியிலும் அக்குள் பக்கமும் கொஞ்சம் திசு எப்படியும் மிச்சம் இருக்கும். வருடா வருடம் ஸ்கேன் நாள் நெருங்கும்போது உயிர் போய் உயிர் வருகிறது என்பவர்களுக்கு ஆபரேஷன் பெரிய விடுதலை. குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும், இன்னும் சில வருடம் போகட்டும் என்பவர்களுக்குக் கண்காணிப்பு நியாயமான வழி. இன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐந்து வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த மாற்றம் ஒரு திசையில் மட்டும்தான் நடக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சினைப்பையை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?

மார்பகத்துக்கு எம்ஆர்ஐ இருக்கிறது, சினைப்பைக்கு அப்படி நம்பகமான கண்காணிப்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் பரவிய பிறகுதான் தெரிகிறது. என் பார்வையில் பிஆர்சிஏ உள்ளவருக்கு மார்பக ஆபரேஷனைவிட இதுதான் தள்ளிப்போடக் கூடாதது. பிஆர்சிஏ-1 இருந்தால் 35-லிருந்து 40 வயதுக்குள், பிஆர்சிஏ-2 இருந்தால் 40-லிருந்து 45-க்குள், குழந்தை பெற்று முடித்த பிறகு, சினைப்பையையும் கருக்குழாயையும் எடுக்கச் சொல்வார்கள். உடனே மாதவிடாய் நின்றுவிடும், உடம்பு கொதிப்பு, எலும்புத் தேய்மானம், உடலுறவின்போது வறட்சி எல்லாம் வரலாம். புற்றுநோய் வராதவர்களுக்குக் கொஞ்ச காலம் ஹார்மோன் மாத்திரை கொடுக்க வழி உண்டு, கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு உண்மையில் எப்படி இருக்கும்?

நெஞ்சில் திரவம் வடிய ஒன்றிரண்டு குழாய்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். கையைத் தூக்கச் சிரமம், பயிற்சி செய்தால் சரியாகும். பலரிடம் முன்கூட்டிச் சொல்லப்படாத விஷயம் உணர்ச்சி போவது: காம்பைக் காப்பாற்றும் ஆபரேஷனிலும் அது பார்க்க இருக்கும், தொட்டால் பெரும்பாலும் தெரியாது. அக்குள் நெறிகளை நிறைய எடுத்தால் கை வீக்கம் வரலாம். முதல் சில நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை வந்த பிறகு இது குறைந்திருக்கிறது.

மார்பை மறுபடி உருவாக்க சிலிகான் இம்ப்ளான்ட் வைக்கலாம், வயிற்றுச் சதையை எடுத்தும் செய்யலாம். இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுதும் வராது, பின்னால் மாற்ற வேண்டியிருக்கலாம். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள சில வகைகள் ஒரு அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை என்பதால் 2019-ல் ஒரு நிறுவனம் அவற்றை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது, ஆகவே எந்த வகை வைக்கிறார்கள் என்று கேளுங்கள். எதுவுமே வேண்டாம், தட்டையாக அழகாகத் தைத்துவிடுங்கள் என்பதும் முழுமையான ஒரு தேர்வு. அதைத் தேர்ந்தெடுத்தால் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

மரபணு முடிவால் சிகிச்சை மாறுமா?

மாறலாம். பிஆர்சிஏ கோளாறுள்ள கட்டிகளுக்கு ஒலாபரிப் போன்ற, பார்ப் என்ற டிஎன்ஏ சரிசெய்யும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் வேலை செய்கின்றன. திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ள, ஹெர்-2 இல்லாத வகைக்கு ஒரு வருடம் இதைக் கொடுத்தால் நன்மை உண்டு என்று 2021-ல் தெரியவந்தது. டிபி-53 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் ரேடியேஷனை முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

என் பிள்ளைகளுக்கு, தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் இருக்க 50 சதவீதம் வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும். பிஆர்சிஏ-2 உள்ள ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 7 சதவீதம் அளவில், புராஸ்டேட் புற்றுநோய் அதைவிட அதிகம். 18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டாம், அந்த வயதில் செய்யக்கூடியது எதுவும் இல்லை, வளர்ந்த பிறகு அவர்களே தீர்மானிக்கட்டும். உங்கள் முடிவின் முழு ரிப்போர்ட்டையும், மாற்றத்தின் சரியான பெயர் இருக்கும் பக்கத்தோடு, தம்பி தங்கைகளிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். 'அக்காவுக்கு ஏதோ மரபணுப் பிரச்சினை' என்ற வாய்வழிச் செய்தியை வைத்து எந்த லேபும் சரியாகச் சோதிக்க முடியாது.

டெஸ்டே வேண்டாம் என்று சொல்லலாமா?

தாராளமாக. தெரிந்துகொண்டு தூக்கமில்லாமல் தவிப்பேன் என்று தோன்றினால் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள், குடும்ப வரலாற்றை மட்டும் வைத்தே எம்ஆர்ஐ தேவையா என்று கணக்கிட முடியும். ஆயுள் காப்பீட்டு விதிகள் நாட்டுக்கு நாடு வேறு என்பதால், டெஸ்டுக்கு முன்பே அதை விசாரித்துக்கொள்வது நல்லது. ஆனால் நோய் உறுதியாகி ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர் என்றால் கொஞ்சம் மறுபடி யோசியுங்கள், அங்கே இந்த முடிவு வெறும் தகவல் இல்லை, எவ்வளவு எடுப்பது, எந்த மருந்து என்பதையே மாற்றக்கூடியது.